'மெட்டபாலிசம் ஸ்லோ'... அதனாலதான் வெயிட் போடுதா? சாமை சாப்பிட்டா குறையுமா?

கள்ளக்குறிச்சி மாவட்டம் கரியாலூர் அமைந்துள்ள கல்வராயன் மலை, சாமை, தினை, கேழ்வரகு விளையும் பூமி. 'சாமைக்கு மாறினாலே மெட்டபாலிசம் ஏறி வெயிட் குறையும்' என்ற பேச்சும் அடிக்கடி கேட்கிறது. உண்மை என்ன?

மெட்டபாலிசம்னா என்ன?

உணவைச் சக்தியாக மாற்றி உடல் செலவழிப்பதே வளர்சிதை மாற்றம். சும்மா படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல் ஓய்வதில்லை. பெரும்பாலானோருக்கு ஒரு நாள் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும்.

30 வயசானா குறைஞ்சிடுமா?

இல்லை. 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், 20 முதல் 60 வயது வரை பெரிய மாற்றமே இல்லை. அதன் பிறகுதான் மெல்லக் குறைகிறது. தைராய்டு போன்ற பாதிப்புகள் விதிவிலக்கு.

உழைச்சா மட்டும் போதுமா?

தான்சானியாவின் ஹட்சா மக்கள் காட்டில் வேட்டையாடி வாழ்பவர்கள். உடல் அளவுக்கு ஏற்பப் பார்த்தால், அவர்களின் தினசரி சக்திச் செலவும் மேற்கத்திய நகரவாசிகளின் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றது 2012-ல் வந்த ஆய்வு. நடையும் உழைப்பும் சர்க்கரை, இதயம், தசைக்கு நல்லது. ஆனா தட்டுல விழுறதையும் கவனிக்கணும்.

அப்போ சாமை?

100 கிராம் சாமையிலும் அரிசியிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 350. வித்தியாசம் நார்ச்சத்தில். சாமையில் 7 கிராமுக்கு மேல், தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. அதனால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த உணர்வு வரும். சாமைச் சோறுன்னு ரெண்டு மடங்கு சாப்பிட்டா பலன் இல்லை.

சரியான எடை எது?

தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை, 12.6 சதவீதம் பேர் எடைக்குறைவு என்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. ஒரே மாநிலம், ரெண்டு பிரச்சினை! எனவே எல்லோருக்கும் 'எடை குறைங்க' என்ற அறிவுரை பொருந்தாது.

160 செ.மீ. உயரம் உள்ளவருக்கு சுமார் 47 முதல் 58 கிலோ வரை சரி. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

என்ன செய்யலாம்?

சோற்றின் அளவைக் குறைத்து பருப்பு, முட்டை, காய், கீரையைக் கூட்டலாம். 'மெட்டபாலிசத்தை ஏத்தும்' பவுடருக்குக் காசு கொடுக்கும் முன் ஒரு டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்க. காரணமில்லாமல் எடை ஏறினாலோ இறங்கினாலோ டாக்டரைப் பாருங்க.