அரண்மனை யாருடையது?

தஞ்சை அரண்மனையைப் பழுதுபார்த்துக் காப்பாற்ற வேண்டும் என்று சொன்னால், "ராஜா கட்டிய மாளிகை பாட்டாளிக்கு எதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. பாட்டாளிக்குத்தான் வேண்டும். ராஜாவுக்கு அது இனி எதற்கு?

நாயக்கர்கள் எழுப்பினார்கள், பின்வந்த மராட்டியர்கள் பெருக்கினார்கள். பணம் எங்கிருந்து வந்தது? காவிரி வண்டலில் விளைந்த நெல்லிலிருந்து. சேற்றில் நின்று நாற்று நட்டவளும், கதிர் அறுத்துக் களத்தில் தூற்றியவனும் கூலியாகக் கண்டது சில மரக்கால். மிச்சம்தான் கூடகோபுரமாக நிற்கிறது.

1799-இல் இரண்டாம் சரபோஜி கோட்டையை மட்டும் வைத்துக்கொண்டு நாட்டைக் கும்பினியிடம் ஒப்படைத்தார். பதிலுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு எசமானர்களுக்கும் படியளந்தது ஒரே வயல்தான். சரஸ்வதி மகாலில் சரபோஜி ஏடுகளும் நூல்களும் சேர்த்தார். நல்ல காரியம், மறுப்பானேன்?

1855-இல் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்தார். மறு ஆண்டே கும்பினி அரண்மனைக்குள் புகுந்து சொத்தைக் கைப்பற்றியது. ராணி காமாட்சி பாய் வழக்காடினார். சென்னை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சிலோ, இது சர்க்காரின் செயல், கோர்ட் தலையிட முடியாது என்று கைவிரித்தது. ராணிக்கே இந்த நியாயம் என்றால் பண்ணையாள் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்!

ஆனாலும் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 1871-72-இல் பெரிய கோயில் பக்கத்திலுள்ள சிவகங்கைக் கோட்டைக்குள் நகராட்சி பூங்கா அமைத்தது. 1918-இல் சரஸ்வதி மகால் பொது நூலகமாயிற்று. கூலிக்காரன் பிள்ளை மர நிழலில் விளையாடவும், ஏட்டைப் புரட்டவும் வழி பிறந்தது. அரண்மனை முழுவதுமே இப்படி ஆகவேண்டும்.

பழங்கட்டடங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1966-இல் சட்டம் வந்தது. இரண்டே ஆண்டில், 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை ஜில்லாவின் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். நெற்கூலி கூட்டிக் கேட்டவர்களின் சேரி அது. கல்லுக்குக் கிடைத்த காவல் மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன, கண்கொள்ளாக் காட்சி. பக்கத்தில் ஒரு மரக்காலையும் வையுங்கள். அரண்மனைக் கணக்குகளைச் சொல்லும் மோடி ஆவணங்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989-இல் தமிழாக்கி வெளியிட்டது. அந்தக் கணக்கைப் பெரிய எழுத்தில் சுவரில் மாட்டுங்கள். வருகிறவன் படிக்கட்டும்.

இன்னொன்று. கோட்டை அகழியைச் சீர்படுத்துகிறோம் என்று கரையில் குடியிருக்கும் ஏழைகளை அப்புறப்படுத்தக் கிளம்பினால், முதலில் ஊருக்குள்ளேயே மனைப்பட்டாவும் வீடும் கொடுக்கட்டும். அகழியில் தண்ணீர் அதற்குப் பிறகு விடலாம்.