மணியோசை கேட்ட பலா

"கோயில் மணியோசையைக் கேட்டு வளர்ந்த பலாமரத்தில் கடைந்த வீணைதான் பேசும்" என்னும் வாக்கியத்தை இருபது வருஷங்களாக மார்கழிதோறும் சபா மேடைகளில் கேட்டுச் சலித்த நான், இவ்வருஷம் ஒரு பிரமுகர் தம் தலைமையுரையில் அதை மூன்று தரம் சொல்லி, மூன்று தரமும் கைதட்டல் வாங்கிக்கொண்டதைக் கண்ட பிறகு, இனியும் மௌனம் சாதிப்பது பாபம் என்று தீர்மானித்தேன்.

முதலாவது, மரம் கேட்கிறதாம். காண்டாமணியை மாத்திரம் பொறுக்கிக் கேட்டுவிட்டு, காக்கைக் கூச்சலையும் பிரகாரத்து வம்பையும் அது காதில் போட்டுக்கொள்வதில்லை போலும்! தஞ்சாவூர் வீணைக்குப் பேர்போன பலா பண்ணுருட்டித் தோப்புகளிலிருந்து வருகிறதே, அங்கே மணியடிப்பவர் யாரோ?

இரண்டாவது, கேட்டதை வைரத்தில் சேமிக்கிறதாம். வைரம் என்பது மரத்தில் ஜீவன் அடங்கிப்போன பாகம். அது பாடம் கேட்பதற்கில்லை.

மூன்றாவது, ஒரே கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணைக்கே அந்த மகிமையாம். அப்படியானால், மேற்பலகை ஒரு மரமும் அடிப்பலகை வேறொரு மரமுமாக வஜ்ரம் போட்டு ஒட்டிய பிடில், அதே மேடையில் எப்படிக் கொஞ்சுகிறது?

இவர்கள் யாவரும் மறந்த வஸ்து ஒன்று உண்டு, அதுதான் தந்திகளைத் தாங்கும் குதிரை. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தைக் கணுவாகக் கொண்ட உபஸ்வரங்கள் பிறக்கக் கூடா என்பது மேனாட்டார் வகுத்த நியதி. ஆனால் வீணையிலும் தம்பூராவிலும் அவை தாராளமாகப் பிறக்கின்றன என்றும், கூரிய விளிம்பில் முடியாமல் குதிரையின் சற்றே வளைந்த பரப்பின்மேல் தந்தி தொட்டும் விலகியும் அதிர்வதே அதற்குக் காரணம் என்றும் சர் சி. வி. ராமன் 1921-ஆம் வருஷத்திலேயே எழுதிவிட்டார். என் தமக்கையின் வீணை மந்தமாகிப்போனபோது, "மணியோசை கேளாத மரம்" என்று ஒரு ரஸிகர் தீர்ப்பளித்தார். தஞ்சாவூரிலிருந்து வந்த ஆசாரியோ, ஒன்றும் பேசாமல் தந்திகளைத் தளர்த்தி, குதிரையின் பித்தளைத் தகட்டில் தந்திகள் அறுத்திருந்த பள்ளங்களை அரத்தால் பக்குவமாக ராவி, மறுபடி சுருதி கூட்டிச் சாரணியை ஒரு மீட்டு மீட்டினார்; கூடம் முழுவதும் நாதம் நிறைந்தது.

மரத்துக்கும் பங்குண்டு, அதன் கனத்தையும் விறைப்பையும் உலர்ச்சியையும் விரல்முட்டியால் தட்டிப் பார்த்தே ஆசாரி அறிவார். அன்று எங்கள் தெருக்கோயிலில் மணி அடித்ததோ, எனக்கு நினைவில்லை. அரத்தின் ஓசை மாத்திரம் நன்றாக நினைவிருக்கிறது.