எந்த ஊர் மணி?

ஒரே மனிதருக்குச் செவ்வாய் தோஷம் உண்டு என்கிறது ஒரு செயலி. இல்லை என்கிறது இன்னொன்று. மனிதர் ரிங்லெட்டில் எங்கள் தெருக்காரர். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில், 1973 மார்ச் 24ஆம் தேதி காலை 6.25க்குப் பிறந்தவர். மனைவி தவறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகளே முன்னின்று மறுமணம் பேசுகிறார்கள். ஈப்போவில் இருக்கும் பெண் வீட்டார் கைப்பேசியில் ஜாதகம் கணித்து அனுப்பினார்கள்: கும்ப லக்கினம், பன்னிரண்டில் செவ்வாய், தோஷம். இவர் மகள் வேறொரு செயலியில் போட்டுப் பார்த்தாள்: மீன லக்கினம், பதினொன்றில் செவ்வாய், தோஷமே இல்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்கள். நான் ஜோசியன் இல்லை. தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் தோட்டத்தில் எந்தக் கணக்கு இடித்தாலும் கிராணி வீட்டுக் கதவைத் தட்டுவது இங்கே பழைய வழக்கம்.

இரண்டு செயலிகளுக்கும் கிரகக் கணக்கு நன்றாகவே தெரியும். ஒன்றுக்கு மலேசியாவின் மணிக்கணக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 1973இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னே ஓடியது. இன்று எட்டு மணி நேரம் முன்னே ஓடுகிறது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் தம் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்த 6.25ஐ இன்றைய எட்டு மணிக் கணக்கில் போட்டால், குழந்தை அரை மணி முன்னதாகவே பிறந்துவிடுகிறது. அந்த அரை மணியில் சந்திரன் அசைவது மிகச் சொற்பம் என்பதால் நட்சத்திரம் பெரும்பாலும் மாறாது. லக்கினம் அப்படியல்ல. சுமார் இரண்டு மணிக்கு ஒரு ராசி என்று அது நகர்வதால், நாலு பேரில் ஒருவருக்கு லக்கினமே மாறிப்போகும். நவாம்ச லக்கினமோ ஏறத்தாழ பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவது. அது அநேகமாக ஒருவருக்கும் தப்பாது. (மகரத்துச் செவ்வாய் உச்சம், அதனால் கும்ப லக்கினமானாலும் தோஷம் கழிந்தது என்று வாதாட எங்கள் கோயில் குருக்கள் தயாராக இருக்கிறார். அது வேறு பஞ்சாயத்து.)

ஜாதகத்தில் எனக்கு அரைகுறை நம்பிக்கைதான். எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். கைப்பேசி நாட்காட்டி, ஜாதகச் செயலி, கூட்ட அழைப்பு அனுப்பும் மென்பொருள் இவற்றில் பலவும் நேரத்தை ஒரு வெறும் எண்ணாக நினைக்கின்றன. மணி என்பது ஓர் ஊர் அந்த நாளில் ஒத்துக்கொண்ட ஏற்பாடு. ஊரையும் நாளையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் சேமித்தால், கடந்த காலமும் தப்பும், வரப்போவதும் தப்பும்.

எங்கள் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது மலாயாவின் மணி கிரீன்விச்சுக்குச் சரியாக ஏழு மணி நேரம் முன்னே. 1933 ஜனவரி முதல் தேதி இருபது நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் இன்னும் பத்து நிமிடம் கூட்டி ஏழரை ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் ஜப்பான்காரன் தோக்கியோ மணியைக் கொண்டுவந்தான். கிரீன்விச்சுக்கு ஒன்பது மணி முன்னே, எங்கள் சூரியனுக்குக் கொஞ்சமும் ஒட்டாத மணி. அந்தக் கணக்கில் பிப்ரவரி மாதத்தில் கேமரன் மலையில் பொழுது விடிவது காலை எட்டரைக்கு. 1945 செப்டம்பரில் பழையபடி ஏழரை. கடைசியாக 1982 ஜனவரி முதல் தேதி எட்டு. அப்போது டாக்டர் மகாதீர் பிரதமராகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. சபாவும் சரவாக்கும் ஏற்கெனவே எட்டில் இருந்ததால் நாடு முழுவதற்கும் ஒரே மணி என்று சட்டம் போட்டார்கள். சிங்கப்பூரும் கூடவே வந்துவிட்டது. முதல் தோட்டக்காரர்கள் நட்ட தேயிலைச் செடிகள் இன்றும் கொழுந்து விடுகின்றன. அவை பார்த்த கடிகாரங்கள் ஐந்து விதம்.

1981 டிசம்பர் 31 இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சின்னக் கிராணியாகச் சேர்ந்த புதிது. அன்று இரவு 11.30 ஆனதும் தீபகற்பத்தில் எல்லாரும் கடிகார முள்ளைத் தள்ளிப் பன்னிரண்டு ஆக்க வேண்டும் என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. ஃபேக்டரியில் அது கணக்கு. சாயந்தரம் ஐந்துக்குக் கொழுந்தை வாட்டுத் தொட்டியில் பரப்பி, காலை ஏழுக்கு எடுத்து உருட்டு மிஷினுக்கு அனுப்பினால் பேரேட்டில் பதினாலு மணி நேரம் வாடியதாக இருக்கும். இலை வாடியது பதின்மூன்றரை மணிதான். இலைக்கு அரசாங்க உத்தரவு தெரியாது. ராத்திரி பத்துக்கு வந்து காலை ஆறுக்குப் போன ஆட்களுக்கும் அதே கதை: கடிகாரப்படி எட்டு மணி நேரம், உடம்புப்படி ஏழரை. கூலி எட்டுக்கே போட்டோம்.

பெரிய கிராணியார் அப்போது செய்த ஒரு காரியம்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம் என்று சொல்லலாம். பேரேட்டில் அந்த ராத்திரிப் பக்கத்து ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதினார்: ‘இதுவரை பழைய மணி, 11.30 = 12.00, இனிப் புது மணி.’ அதற்கு மேல் எதையும் அடிக்கவில்லை, திருத்தவில்லை. பழைய பக்கங்களைப் புது மணிக்கு மாற்றி எழுதவும் இல்லை. எழுதியவன் பார்த்த கடிகாரம் எதுவோ அதுவே பதிவு. எந்தக் கடிகாரம் என்று சொல்ல ஒரு குறிப்பு. பல கோடி வரிகள் கொண்ட மென்பொருளிடம் நான் கேட்பது அந்த ஒரு வரியைத்தான்.

அந்தக் குறிப்பை உலகத்துக்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் தொடங்கி, இப்போது பால் எகர்ட் கவனித்துவரும் நேர வலயத் தரவுத்தளம் அது. எந்த நாடு எந்தத் தேதியில் மணியை எவ்வளவு மாற்றியது என்று அதில் வரிசையாக இருக்கிறது. நம் கைப்பேசிகள் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது அதுவே. கோலாலம்பூர் என்று தேடினால் அது சிங்கப்பூர்ப் பதிவுக்குக் கைகாட்டும், 1970க்குப் பிறகு இரண்டு ஊர் மணியும் ஒன்றாகவே இருந்ததால். 1981 டிசம்பர் 31 அங்கே பதிவாகியிருக்கிறது. இலவசமாகக் கிடைக்கிற இதை எடுத்துப் பயன்படுத்தாமல், ‘மலேசியா என்றால் எட்டு’ என்று ஓர் எண்ணைப் பெட்டியில் போட்டு விற்கிற செயலிக்காரரை என்ன சொல்வது? சோம்பல் என்றுதான் சொல்வேன்.

கடந்த காலத்துக்குத் தரவுத்தளம் பெரும்பாலும் போதும். வருங்காலம் இன்னும் சிக்கல், ஏனென்றால் அரசாங்கங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மணியை மாற்றும். இலங்கைத் தமிழர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்வெட்டைச் சமாளிக்க 1996 மே மாதம் கொழும்பு மணியை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணி குறைத்தார்கள். 2006 ஏப்ரல் 15இல் மறுபடி பழைய ஐந்தரைக்கே வந்தார்கள். இடையில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய மணியை விடவில்லை. சோதனைச்சாவடியைக் கடந்தால் அரை மணி வித்தியாசம். தரவுத்தளத்தில் கொழும்புக்கு இடம் உண்டு, அந்த வன்னி மணிக்குத் தனி வலயம் கிடையாது. அந்தப் பத்தாண்டில் அந்த வன்னியில் பிறந்த பிள்ளையின் ஜாதகத்தைக் கொழும்பு மணியில் கணித்தால் என்ன ஆகும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

2005 கடைசியில் ஒருவர் கொழும்பில் அடுத்த ஏப்ரல் 20 காலை ஒன்பதுக்கு மண்டபம் பிடித்து, கணினி நாட்காட்டியில் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். புத்திசாலி என்று தன்னை நினைத்துக்கொண்ட நாட்காட்டி அதை உலகப் பொது நேரமாக மாற்றி, காலை மூன்று என்று சேமிக்கிறது. ஏப்ரல் 15இல் மணி மாறியதும் அதே மூன்றைத் திருப்பிக் காட்டும்போது எட்டரை என்கிறது. மண்டபக்காரர் ஒன்பதுக்குத்தான் கதவைத் திறப்பார். நடந்து முடிந்ததைப் பொது நேரத்தில் சேமிப்பதில் தவறில்லை. நடக்கப்போவதை, ‘கொழும்பு, காலை ஒன்பது’ என்று ஊரோடு சேர்த்துத்தான் சேமிக்க வேண்டும். நாட்காட்டிகள் தங்களுக்குள் தகவல் மாற்றிக்கொள்ள 2009இல் திருத்தி வெளியிட்ட பொதுத்தரம் இதற்கு வழி வைத்திருக்கிறது. ஊர்ப் பெயரோடு மணி, பொது நேரம், ஊரே சொல்லாத மிதக்கும் மணி என்று மூன்று விதமாக எழுதலாம். காலை ஏழுக்குப் பிரஷர் மாத்திரை என்பது மிதக்கும் மணி. சென்னைக்குப் போனாலும் அங்கத்திய ஏழுக்கே போட வேண்டும். பிறந்தநாளுக்கு மணியே வேண்டாம், தேதி போதும். அதையும் நள்ளிரவு மணியாக மாற்றிச் சேமித்துவிட்டு, லண்டனில் இறங்கியதும் முந்தின நாளே வாழ்த்துச் சொல்லச் சொல்கிற நாட்காட்டிகள் உண்டு.

அழைப்பு யார் ஊர் மணியில் தொங்குகிறது என்பது நம்மிடையே சண்டையாகவே வந்துவிட்டது. எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிறு இரவு எட்டுக்கு இணையத்தில் கூடுகிறோம். செயலாளர் மான்செஸ்டரில் நர்ஸ். அவர் தம் நாட்காட்டியில் பகல் ஒன்று என்று போட்டு அழைப்பு அனுப்பினார். கோடையில் அது இங்கே இரவு எட்டு. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் மணியைப் பின்னே தள்ளியதும் இங்கே ஒன்பது. ஒன்பதுக்கு எங்கள் வயதுக்காரர்கள் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றார்கள் சிலர். கெடவில்லை. அது மான்செஸ்டர்காரருக்கு விசுவாசமாக இருந்தது. கூட்டம் யாருக்காகவோ அவர்கள் ஊரில் அழைப்பை உண்டாக்க வேண்டும். இப்போது அழைப்பைக் கோலாலம்பூர் மணியில் போடுகிறோம். பன்னிரண்டா ஒன்றா என்று அவர் தம் ஊரில் பார்த்துக்கொள்கிறார்.

சட்டம் ஒன்று சொன்னாலும் சூரியன் சொல்வதைத்தான் தோட்டம் கேட்கும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1982 பிறந்ததும் காலை ஆறு மணிப் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஆட்கள் கும்மிருட்டில் வந்து நின்றார்கள். பனி வேறு. கொழுந்தா முற்றலா என்று கண்ணுக்குத் தெரியாமல் எப்படிப் பறிப்பது? சில நாளில் எங்கள் துரை பிரட்டை ஆறரைக்கு மாற்றினார். ஆக, புது மணி வந்தது, பழைய விடியல் அப்படியே இருந்தது. அசாமில் இது தலைகீழ்: அங்கே சூரியன் இந்திய மணிக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடுவதால் தேயிலைத் தோட்டங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடும் தோட்ட மணியை வைத்திருக்கின்றன. நாட்காட்டிச் செயலி எதிலும் அந்த மணியை நான் பார்த்ததில்லை. ராகு காலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று அச்சிடுவது காலை ஆறுக்கு விடிகிற கணக்கில். பிப்ரவரியில் எங்கள் மலையில் ஏழரையை ஒட்டித்தான் சூரியனே எட்டிப்பார்க்கிறது.

இன்று லயங்களில் தமிழர்கள் குறைவு. நேபாளிகளும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். நேபாளத்தின் மணி ஐந்தே முக்கால். வங்காளதேசம் ஆறு. அந்த நாடும் 2009 ஜூனில் ஒரு மணி கூட்டி, அந்த ஆண்டு முடிவிலேயே விட்டுவிட்டது. சுமத்ராக்காரருக்கு ஏழு, லொம்போக்காரருக்கு எட்டு. சாயந்தரம் வேலை முடிந்து வரிசையாக உட்கார்ந்து வீட்டுக்குப் பேசும் இவர்கள் யாரும் கணக்குப் போடுவதில்லை. ‘அம்மா சமைத்து முடிக்கிற நேரம்’ என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். அழைப்பை ஊரோடு கட்டி வைப்பது என்றால் இதுதான்.

நம் தெருக்காரர் விஷயத்தில், டிரசரின் நோட்டில் இருந்த மணியைப் பழைய ஏழரைக் கணக்கில் போட்டுக் காட்டினேன். மீன லக்கினம் வந்தது. ஈப்போக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். கல்யாணம் ஆவணியில்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஜாதகச் செயலி இருந்தால், பிறந்த ஊர் கோலாலம்பூர், பிறந்த நாள் 15 டிசம்பர் 1981 என்று கொடுத்து, நேர வலயம் என்ற இடத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள். 7.30 என்று வந்தால் நல்லது. 8.00 என்று வந்தால், 1982க்கு முன் தீபகற்ப மலேசியாவில் பிறந்த யாருடைய ஜாதகத்தையும் அதில் கணிக்காதீர்கள். கணித்து வைத்திருந்தால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு செயலியில் போட்டுப் பாருங்கள்.