இந்த மாதம் கேட்டவை

மாதம் முடிந்ததும் 'இந்த மாதம் கேட்டவை' என்று பட்டியல் போடும் பழக்கம் ஒலிநூல் கேட்பவர்களிடம் பரவி வருகிறது. எத்தனை நூல், எத்தனை மணி நேரம், எது பிடித்தது, எதைப் பாதியில் விட்டேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத்தில் ஒருவர் தமிழில் மட்டும் கேட்டு இப்படியொரு பட்டியல் போட்டால் என்ன வரும் என்று ஊகிப்பது கடினமல்ல. முதலில் கல்கி வருவார். 'பொன்னியின் செல்வன்' முடிந்தால் 'சிவகாமியின் சபதம்'. பிறகு புதுமைப்பித்தன், பாரதியார், இடையில் வாழ்க்கையில் முன்னேறச் சொல்லித்தரும் புத்தகம் ஒன்றிரண்டு. நல்ல பட்டியல்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஊவாவில் உட்கார்ந்து கேட்பவரின் பட்டியலில் ஊவா இருக்காது. இதற்குக் கேட்பவரின் ரசனையைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. ரசனை வேலை செய்யத் தொடங்கும் முன்பே சட்டமும் சந்தையும் தங்கள் வேலையை முடித்துவிடுகின்றன.

கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு 1999இல் நாட்டுடைமையாக்கியது. புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002இல் அந்த வரிசையில் சேர்ந்தன. நாட்டுடைமையான நூலை யாரிடமும் கேட்காமல் அச்சிடலாம், வாசித்துப் பதிவு செய்யலாம், விற்கலாம். பம்பாய் கண்ணன் பல நடிகர்களின் குரலில் 'பொன்னியின் செல்வ'னைப் பதிவு செய்து வெளியிட்டார். அதற்குப் பிறகு யூடியூபிலும் செயலிகளிலும் எத்தனை வந்தியத்தேவன்கள் குதிரை ஏறினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. இலங்கைத் தமிழ் எழுத்தாளர்களுக்கு அப்படியோர் ஏற்பாடு இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமை அவர் குடும்பத்துக்கு. எழுதுபவனுக்கு அது நியாயமான பாதுகாப்பு. ஆனால் லாபம் வராது என்று தெரிந்த ஒரு நூலுக்காக வாரிசைத் தேடிப் பிடித்து ஒப்பந்தம் போட எந்தச் செயலிக்காரர் வருவார்? உரிமை பத்திரமாக இருக்கிறது. நூல் ஊமையாக இருக்கிறது.

இதில் விசித்திரம், மலையக இலக்கியம் ஆதியிலிருந்தே காதை நம்பிப் பிறந்தது என்பதுதான். 1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பி கிருஷிக் கும்மி' பெயரிலேயே பாட்டு. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டக் கூட்டங்களில் பாடித்தான் அரசியல் பேசினார். துண்டுப் பிரசுரத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, பாட்டு எல்லாருக்கும் கேட்கும். மாசி மாதத்துக் காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அர்ச்சுனன் தபசும் ஏட்டில் இருந்ததைவிட வாயில் இருந்தவை. தொழிலாளர் வாயில் இருந்த பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சுக்குக் கொண்டு வந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. அச்சுக்குப் போனது திரும்பி வாய்க்கு வரவில்லை. பதுளை மண்ணில் 1934இல் பிறந்து, தான் ஆசிரியராக இருந்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பின் கதைகளும் அப்படித்தான். 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து, மலையக நூல்கள் ஏராளமாக வருடிப் போடப்பட்டிருக்கின்றன. 2005இலிருந்து நடக்கும் அருமையான பணி. ஆயினும் வருடிய பக்கத்தைச் சின்னத் திரைப் போனில் இழுத்து இழுத்து வாசிக்கப் பொறுமையோடு நல்ல கண்ணும் வேண்டும்.

கேட்பது வாசிப்பாகுமா என்ற கேள்வி இங்கே எழும். கேள்வி நியாயமானது, சான்றும் இரு பக்கமும் உண்டு. 2010இல் அமெரிக்காவில் டேனியல், வூடி என்ற இருவர் நடத்திய ஆய்வில், பாடத்தை ஒலியாகக் கேட்ட மாணவர்கள் வாசித்தவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். 2016இல் ரோகோவ்ஸ்கி குழுவினர் பெரியவர்களிடம் ஒரு வரலாற்று நூலின் பகுதிகளைக் கொடுத்துச் சோதித்தபோது, கேட்டவர்க்கும் வாசித்தவர்க்கும் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பரீட்சைப் பாடத்துக்குக் கண் வேண்டும், கதைக்குக் காது போதும் என்றுதான் இவற்றை வைத்து நான் முடிவு கட்டுவேன். திரும்பிப் பார்க்க வேண்டிய வரி கட்டுரையில் அதிகம். கதை முன்னே போய்க்கொண்டே இருக்கும்.

கொழுந்து பறிப்பவரின் கை வேலையில் இருக்கிறது, காது சும்மாதானே இருக்கிறது, மலையிலேயே கேட்கட்டுமே என்று நகரத்து ஆர்வலர் சிலர் சொல்வதுண்டு. மலையில் காது சும்மா இருப்பதில்லை. குளவிக்கூடு கலைந்தால் பக்கத்து நிரைக்காரியின் கூச்சல்தான் முதல் எச்சரிக்கை. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பற்றிப் பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறோம். ஆகவே இயர்போன் யோசனையை மலையோடு விட்டுவிட வேண்டும். கேட்க உகந்த நேரம் கொழுந்து நிறுத்து வீடு திரும்பிய பின், அடுப்படியில். லயத்துச் சுவர் எதையும் மறைக்காது. சத்தமாக வைத்தால் பக்கத்துக் காம்பராவும் சேர்ந்து கேட்கும். சிக்னல் இருக்காது, மாதச் சந்தா கட்ட வங்கி அட்டை இருக்காது என்ற தடையும் உண்மையானதே. அதனால்தான் ஐந்து பாக நாவலைவிட, வாட்ஸ்அப்பில் ஒரு தடவை இறக்கிக் கைமாற்றிக்கொள்ளக்கூடிய சிறுகதை இங்கே பொருத்தம்.

யார் வாசிப்பது என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பெரட்டு, இஸ்தோப்பு, பிள்ளை மடுவம், கவ்வாத்து, பேர் போடுவது — இந்தத் தோட்டத்துச் சொற்களைச் சென்னை ஸ்டூடியோக் குரல் வாசித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தயக்கம் விழும். இயந்திரக் குரல் தயங்காது, தப்பாகவே சொல்லிக்கொண்டு போகும். 'பேர்' என்றால் நாட்சம்பளக் கணக்கு என்று அதற்கு யார் சொல்லித் தருவார்? ஹாலிஎலையிலும் பண்டாரவளையிலும் நல்ல உச்சரிப்புள்ள தமிழாசிரியர்களுக்குக் குறைவில்லை, மேடை நாடகம் பழகியவர்களும் இருக்கிறார்கள். சந்தை இல்லாத இடத்தில் யார் உழைப்பார் என்று கேட்டால், நூலகத் தளத்தில் பக்கம் பக்கமாக வருடிப் போட்டவர்களையே பதிலாகக் காட்டுவேன்.

தொடக்கத்துக்கு ஜோசப்பின் 'மீன்கள்' போதும். ஒற்றைக் காம்பராவில் வளர்ந்த பிள்ளைகளோடு படுத்தெழும் ஒரு குடும்பத்தின் சங்கடத்தைச் சொல்லும் கதை அது. சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும். எழுத்தாளர் குடும்பங்கள் செய்ய வேண்டியது, லாபநோக்கற்ற ஒலிப்பதிவுக்குச் சம்மதம் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதித் தருவது மட்டுமே. சி.வி. 1984இல் மறைந்தார், ஜோசப் 2022இல். கடிதம் இல்லாவிட்டால், சி.வி.யைத் தடையில்லாமல் கேட்க 2054 முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும், ஜோசப்புக்கு 2092.