19.83 விநாடி: தகுதி வாதத்திற்கு ஒரு விடை

2024 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த பள்ளி மாணவர் போட்டியில், கௌட் கௌட் என்ற 16 வயது மாணவர் 200 மீட்டர் தூரத்தை 20.04 விநாடியில் கடந்தார். அவருடைய பெற்றோர் தெற்கு சூடானிலிருந்து குடியேறியவர்கள். அன்று வீழ்ந்த 20.06 விநாடி என்னும் தேசியச் சாதனை, 56 ஆண்டுகள் பீட்டர் நார்மன் பெயரில் இருந்தது. அச்சாதனை பிறந்த ஓட்டத்தை நாம் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1968 அக்டோபர் 16, மெக்சிகோ ஒலிம்பிக். அமெரிக்கக் கறுப்பின வீரர் டாமி ஸ்மித் 19.83 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். நார்மன் இரண்டாமிடம், மற்றொரு கறுப்பின வீரர் ஜான் கார்லோஸ் மூன்றாமிடம். பதக்க மேடையில் நாட்டுப்பண் ஒலித்தபோது, ஸ்மித்தும் கார்லோஸும் தலைகுனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த கையை முட்டி மடக்கி உயர்த்தினர். தம் மக்களின் வறுமையைச் சுட்டுவதற்காகக் காலணியின்றி நின்றனர். வெள்ளையரான நார்மனும் மனித உரிமைக்கான ஒலிம்பிக் செயல்திட்டத்தின் சின்னத்தை அணிந்து உடன் நின்றார். நிறவெறித் தென்னாப்பிரிக்காவை விலக்குதல், முகமது அலியிடமிருந்து பறித்த பட்டத்தைத் திருப்பியளித்தல், கறுப்பினப் பயிற்றுநர்களை நியமித்தல் ஆகியவை அவ்வியக்கத்தின் கோரிக்கைகள்.

இரண்டே நாளில் இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். ஒலிம்பிக் குடியிருப்பிலிருந்தும் வெளியேற்றப்பட்டனர். இதற்கு அழுத்தம் தந்தவர் பன்னாட்டு ஒலிம்பிக் குழுத் தலைவர் ஏவரி பிரண்டேஜ். விளையாட்டில் அரசியல் கூடாது என்பது அவர் வாதம். 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்த இவர், அங்கே நாஜி வணக்கத்தை எதிர்க்கவில்லை. ஆதிக்கத்தின் அரசியல் மரபாகவும், ஒடுக்கப்பட்டோரின் அரசியல் ஒழுங்கீனமாகவும் கொள்ளப்பட்டதை இங்கே காண்கிறோம்.

"தகுதியிருந்தால் எவரும் உயரலாம், பிறப்பு தடையாகாது" என்று நம் கல்லூரி வளாகங்களில் ஓயாமல் சொல்லப்படுகிறது. ஓட்டப்பந்தயத்தைவிடத் தெளிவாகத் தகுதியை அளக்கும் களம் அரிது. அங்கே நேர்காணல் இல்லை, பரிந்துரை இல்லை, கடிகாரம் மட்டுமே உண்டு. வாரத்துக்கு நிலம் உழுத குடும்பத்தில், பன்னிரண்டு பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்த ஸ்மித், அந்தக் கடிகாரத்தின் முன் உலகின் முதல்வரானார். அவருடைய எண் 1979 வரை, 11 ஆண்டுகள், உலக சாதனைப் பட்டியலில் இருந்தது. அவரோ இரண்டு நாள்கூட அணியில் இருக்க முடியவில்லை. உழைப்பின் பயனை ஏற்று, உழைத்தவரின் குரலை மறுக்கும் இம்முறை சாதியச் சமூகத்தில் வாழும் நமக்குப் புதிதன்று. கறுப்பின மக்களின் போராட்டத்தில் நம் போராட்டத்தின் சாயலைக் கண்டே, அண்ணல் அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார்.

உடன் நின்றதற்காக நார்மனும் தம் நாட்டில் கண்டனத்துக்கு உள்ளானார். 2006இல் அவர் மறைந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தனர். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் மன்னிப்புக் கோரியது 2012இல்தான்.

200 மீட்டரில் இன்றைய உலக சாதனை, 2009இல் உசைன் போல்ட் ஓடிய 19.19 விநாடி. அதுவும் ஒருநாள் முறியடிக்கப்படும். தகுதியை நிறுவிய பின்னரும் மாண்பு தானாக வந்துவிடுவதில்லை என்பதையே 1968 நமக்குக் கற்பிக்கிறது. மாண்புக்கான போராட்டத்தைத் தனியே நடத்தியாக வேண்டும். அதில் நார்மனைப் போல் உடன் நிற்போரையும் நாம் திரட்டியாக வேண்டும்.