சமூக சேவை: மணிக்கு எத்தனை மார்க்?

ஆகஸ்ட் மாதம் வந்தால் போதும், சென்னை, பெங்களூரு ஐ.டி. கம்பெனிகளில் சிலருக்குத் திடீரென்று ஏழைக் குழந்தைகள் மேல் பாசம் பொங்கும். காரணம் பெரிய ரகசியமில்லை. அமெரிக்க பிசினஸ் ஸ்கூல்கள் பலவற்றில் முதல் சுற்று அப்ளிகேஷனுக்குக் கடைசித் தேதி செப்டம்பரில் வருகிறது. ஜிமேட் ஸ்கோர் கையில் இருக்கிறது. மேனேஜரிடம் சிபாரிசுக் கடிதமும் கேட்டாயிற்று. ஆனால் 'வேலைக்கு வெளியே என்ன செய்தீர்கள்?' என்ற கட்டம் மட்டும் காலியாகப் பல்லை இளிக்கிறதே! உடனே சனிக்கிழமை காலையில் ஒரு குழந்தைகள் காப்பகம். நாலு பிள்ளைகளுக்கு இங்கிலீஷ், பத்து போட்டோ. மூன்றே மாதத்தில் ஆள் ஏதோ ஒரு அமைப்புக்கு 'நிறுவனர்' ஆகிவிடுவார். அட்மிஷன் கிடைத்த மறுவாரத்திலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு வாத்தியார் கிடையாது.

இவர்களைத் திட்டி என்ன பிரயோஜனம்? கேள்வித்தாளில் இருக்கிறது, பதில் எழுதுகிறார்கள். திட்ட வேண்டியது கேள்வித்தாள் தயாரிப்பவர்களை.

ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பல வருஷங்களாக மூன்று விஷயங்களைத் தேடுவதாகச் சொல்லி வந்தது. தலைமைப் பழக்கம், அலசி ஆராயும் திறமை, சமூகத்தில் ஈடுபாடு. 2024-ல் இந்தப் பட்டியலை மாற்றிவிட்டார்கள். சமூக ஈடுபாடு என்ற தலைப்பு போயிற்று. ஆனால் வேலைக்கு வெளியே என்ன செய்தாய் என்ற விசாரிப்பு போகவில்லை. மற்ற பெரிய பள்ளிகளிலும் இதே கதைதான். இந்த ஒரு கட்டத்தை அழகாக நிரப்பச் சொல்லித் தருவதும் சேர்த்து, ஆயிரக்கணக்கான டாலர் வாங்கிக்கொள்ளும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். காசு இருந்தால் சேவையைக்கூட எடிட் செய்து தருவார்கள்.

நம்மூர் ஐ.ஐ.எம்.களில் இந்தத் தொல்லை குறைவு. கேட் மதிப்பெண், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி மார்க், வேலை அனுபவம் என்று கூட்டிக் கழித்துத்தான் பெரும்பாலும் இண்டர்வியூவுக்குக் கூப்பிடுகிறார்கள். (பதினைந்து வயதில் அம்மை போட்டு சோஷியல் சயின்ஸ் பரீட்சையில் கோட்டை விட்டவனை அந்த மார்க் இருபத்தைந்து வயது வரை துரத்துவது தனிக் கொடுமை. அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.) ஆனால் மார்க்கில் ஒரு சௌகரியம் உண்டு. எதை எண்ணுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

சேவையை எப்படி எண்ணுவது? மணிக்கணக்கிலா? நம்மூர் காலேஜ்களில் அதையும் செய்து பார்த்தாயிற்று. 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் ஆரம்பித்த நாட்டு நலப்பணித் திட்டத்தில், அதாவது நம்ம என்.எஸ்.எஸ்.ஸில், வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம், நடுவில் ஏழு நாள் முகாம். மனசார உழைத்தவர்கள் நிறையப் பேர் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் போன வருஷம் மரம் நட்ட அதே குழியில் இந்த வருஷமும் மரம் நடுகிற காட்சியும், வராதவனுக்கும் சேர்த்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழுகிற காட்சியும் யாருக்கும் புதிதல்ல. மணியை எண்ண ஆரம்பித்தால் மணிதான் கிடைக்கும்.

கம்பெனிகளின் சங்கதி இன்னும் தமாஷ். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவழிக்க வேண்டும். நல்ல சட்டம்தான். அதன் பக்கவாட்டில் முளைத்தது சனிக்கிழமை பஸ். ஒரே நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நாற்பது பேர் அரசுப் பள்ளிக்குப் போய்ச் சுவருக்கு பெயிண்ட் அடித்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். அடுத்த காலாண்டில் வேறொரு கம்பெனி வந்து அதே சுவருக்கு வேறு பெயிண்ட். பள்ளிக்கூடத்துக்கு வேண்டியிருந்தது தண்ணீர் வருகிற கழிப்பறை. அதன் முன்னால் நின்று குரூப் போட்டோ எடுத்தால் அழகாக இருக்காதே!

இப்போது இன்னொரு ஆளைப் பார்ப்போம். அப்பாவுக்கு மளிகைக் கடை. எட்டாம் வகுப்பிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தவன். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யார் ஒன்றாம் தேதி வந்தால் அடுத்த தெருவழியாகப் போவார், தீபாவளிக்கு எத்தனை மூட்டை சர்க்கரை எடுக்கலாம், எடுத்தது தேங்கினால் என்ன செய்வது எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அப்பா படுத்த படுக்கையான ஆறு மாதம் கடையைத் தனியாக ஓட்டி, தங்கைக்குக் காலேஜ் ஃபீஸும் கட்டியிருக்கிறான். வேலைக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை கடையில்தான். இவனிடம் 'சமூகத்துக்கு என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால் ஙே என்று விழிப்பான். கடையில் உட்கார்ந்ததை யாராவது எழுதுவார்களா என்று கட்டத்தைக் காலியாகவே அனுப்பிவிடுவான். வியாபாரம் கற்றுக்கொடுக்கிற பள்ளி, வியாபாரம் தெரிந்து வருகிறவனைக் 'கூடுதல் ஈடுபாடுகள் போதாது' என்று ஒதுக்குமானால் இதைவிடப் பெரிய ஜோக் உண்டா? சீட் மட்டுமா போகிறது? கூடவே உதவித்தொகையும். அது இல்லாமல் இவனால் விமானம் ஏறவே முடியாது.

மார்க்கை மட்டும் பார்த்தால் நல்ல மனிதர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்த 'குணநலன்' பார்க்கிற வழக்கம் அமெரிக்கக் கல்லூரிகளில் எப்படி வந்தது என்று ஜெரோம் காரபெல் 2005-ல் தடித்த புத்தகமே எழுதியிருக்கிறார். 1922-ல் ஹார்வர்ட் தலைவர் லோவல் யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டப் பார்த்தார். நுழைவுத் தேர்வில் அவர்கள் அந்த அளவுக்கு ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். பகிரங்கக் கோட்டாவுக்கு ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 1926-ல் குணம், ஆளுமை, அப்ளிகேஷனோடு ஒரு போட்டோ என்று வேறு வாசல் திறந்தது. வேண்டாதவர்களைச் சத்தமில்லாமல் கழிக்க அது போதுமாயிருந்தது. இளங்கலைக் கல்லூரியின் கதைதான். இன்றைய எம்.பி.ஏ. கமிட்டிகளின் நோக்கம் அதுவென்று சொல்லவில்லை. ஆனால் அளவுகோல் தெளிவில்லாமல் இருந்தால், அளக்கிறவரைப் போலவே இருப்பவருக்குத்தான் லாபம்.

சரி, சேவை செய்தவர் நல்லவராகத்தான் இருப்பார் என்றாவது உத்தரவாதம் உண்டா? 1973-ல் ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்த ரஜத் குப்தா பின்னாளில் மெக்கின்ஸியின் தலைவர், ஹைதராபாத் ஐ.எஸ்.பி.யை உருவாக்கியவர்களில் ஒருவர், எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியத்தின் தலைவர். எந்த அட்மிஷன் ஆபீசரும் எழுந்து நின்று கும்பிடுகிற சேவைப் பட்டியல். அத்தனையும் நிஜம், பம்மாத்து இல்லை. 2012-ல் அவருக்குத்தான் உள்தகவல் வர்த்தக வழக்கில் இரண்டு வருஷம் சிறைத்தண்டனை கிடைத்தது. அவருடைய நற்பணிகளை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டேதான் உள்ளே அனுப்பினார். ஒரு மனிதரின் தர்மகாரியம் ஒரு பக்கம், போர்டு ரூம் நாணயம் இன்னொரு பக்கம். 25 வயதுப் பையன் எழுதுகிற 300 வார்த்தைக் கட்டுரையிலிருந்து இரண்டாவதைக் கண்டுபிடிக்க முடியும் என்று நம்புவது ஜோசியம்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது முழங்கால் தண்ணீரில் சாப்பாட்டுப் பொட்டலம் தூக்கிக்கொண்டு போன பையன்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எந்தப் பள்ளிக்காகவும் அவர்கள் போகவில்லை. பலபேர் அதை ரெஸ்யூமேயில்கூட எழுதியிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களை இந்தக் கட்டம் பிடிப்பதில்லை. எழுதத் தெரிந்தவர்களைத்தான் பிடிக்கிறது.

ஹார்வர்டின் கல்வியியல் பள்ளியே 2016-ல் ஒரு அறிக்கையில், இளங்கலை அட்மிஷனில் வீட்டுப் பொறுப்பையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. பிசினஸ் ஸ்கூல்கள் அதைப் படிக்க ஆறு மைல் போக வேண்டியதில்லை, ஆறு நிமிஷ வேலை. அப்ளிகேஷனில் மணிக்கணக்கு கேட்பதை நிறுத்தட்டும். ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரம் எங்கே போயிற்று, அதில் யாருக்கு என்ன ஆயிற்று என்று இண்டர்வியூவில் நேரில் கேட்கட்டும். கடை, வயல், படுத்திருக்கும் பாட்டி, தம்பியின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் பதிலாக வரலாம் என்று கேள்விக்குக் கீழேயே ஒரு வரி அச்சடித்துவிட்டால், மளிகைக்கடைப் பையன் கட்டத்தைக் காலியாக விடமாட்டான்.