போக்கர் ஆப் நம்பலாமா? ஒரு கணக்கு



"டாக்டர், இந்தப் போக்கர் ஆப் நம்பலாமா? சாப்ட்வேருக்கு சர்டிபிகேட் எல்லாம் வெச்சிருக்கானே?"

ஆவூர் பக்கத்துத் தம்பிகள் சிலர் கேட்பது இது. பதில் சொல்கிறேன்.

1. அந்த சர்டிபிகேட் உண்மையாகவே இருந்தாலும், 52 சீட்டும் ஒழுங்காகக் கலைக்கப்படுகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். எதிரே ஆடுவது மனுஷனா, மென்பொருளா, ரெண்டு பேர் போனில் பேசி வைத்து ஆடுறாங்களா என்பதைச் சொல்லாது. அப்சல்யூட் போக்கர் என்ற வெளிநாட்டுத் தளத்தில், அடுத்தவர் சீட்டைப் பார்த்தே ஆடிய மோசடி 2007இல் அம்பலமானது.

2. சரி, ஆப் நேர்மையானது என்றே வைத்துக்கொள்வோம். ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள். ஆட்டத்துக்கு 200 ரூபாய் சேருகிறது. கம்பெனி கமிஷன் 5 சதவீதம், அதாவது 10 ரூபாய். மணிக்கு 60 ஆட்டம் என்றால் 600 ரூபாய். பத்து மணி நேரத்தில் அந்த 6,000 ரூபாயும் கம்பெனிக்கு!

மரத்தடியில் ஆடினால் தோற்ற காசு ஊருக்குள்ளேயாவது இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

3. "போக்கர் திறமை விளையாட்டுன்னு 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிடுச்சே?"

உண்மைதான். ஆனால் திறமைசாலி ஜெயிப்பது திறமை குறைந்தவர் காசை. முதல்முறை ஆடும் நீங்கள் இதில் யார்? மேலும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்கிறது. இதை மீறி ஓடும் ஆப்பில் காசு மாட்டினால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

4. இப்போது மருத்துவம். சூதாட்டத்துக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்குத்தான் மூளை அதிகம் ஏங்கும். அதனால் பத்து முறை தோற்றவரையும் ஒரு வெற்றி பிடித்து வைத்துக்கொள்கிறது.

விட்டதைப் பிடிக்க மறுபடி ஆடுவது, வீட்டில் மறைப்பது, கடன் வாங்குவது, ராத்தூக்கம் கெடுவது. இவை இருந்தால் அது கெட்ட புத்தி அல்ல, சிகிச்சை தேவைப்படும் பிரச்சினை.

வீட்டில் இருப்பவர்களே, திட்டாதீர்கள். கடனை மட்டும் அடைத்துவிட்டு சும்மா இருந்துவிடாதீர்கள், மறுபடி ஆடக்கூடும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டி வாருங்கள். 14416க்கு அழைத்தால் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

போன காசை உழைத்துச் சம்பாதிக்கலாம். ஆள் போனால்?


ஆவூரிலிருந்து ஓர் அரசு மருத்துவர்